பனித்தளத்தின் கதை – 9: ராக்கெட்டுக்குக் கடிவாளம்

சென்ற இதழில் மாண்ட்ரியாலின் செயின்ட் கேத்தரின் வீதியில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கிக் கிடந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1955 மார்ச் 17 இரவு. நான்கு நாளுக்கு முன் பாஸ்டனில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் எதிரணிக்காரனை மட்டையால் தாக்கியதோடு, விலக்க வந்த கோட்டு நடுவரையும் குத்தியிருந்தார் மோரிஸ் 'ராக்கெட்' ரிஷார். லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பெல் அவரை அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களுக்கும் கோப்பைச் சுற்று முழுவதற்கும் தடை செய்தார். தடை செய்த கையோடு மறுநாள் ஃபோரம் அரங்குக்கே ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தார். தக்காளி பறந்தது, முட்டை பறந்தது, கடைசியில் கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. ஆட்டம் பாதியில் நின்று வெற்றி டெட்ராய்ட்டுக்குப் போயிற்று. மறுநாள் ரிஷாரே வானொலியில் பேசி ஊரை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது.

ரிஷார் இல்லாத மாண்ட்ரியால் கனேடியன்ஸ் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போராடி டெட்ராய்ட்டிடம் தோற்றது. வசந்தம் முடிந்ததும் பொது மேலாளர் ஃபிராங்க் செல்கி முன் நின்ற கேள்வி ஒன்றுதான். ரிஷாருக்கு வயது 33. இன்னும் சில வருடம் ஆட வைக்கலாம். ஆனால் அடுத்த முறை அவர் வெடித்தால் என்ன செய்வது?

பயிற்சியாளர் டிக் எர்வின் 15 வருடமாகப் பதவியில் இருந்தவர், அணிக்கு மூன்று கோப்பை வாங்கித் தந்தவர். அவருக்கு ரிஷாரின் கோபம் ஒரு மூலதனம். ஊதிவிட்டால் எரியும், எரிந்தால் கோல் விழும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஊரே பார்த்துவிட்டது. எர்வின் சிகாகோவுக்குப் போனார். 1955 ஜூன் மாதம் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தான் இந்த அத்தியாயத்தின் நாயகர், டோ பிளேக்.

இவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஹெக்டர் பிளேக் 1912 ஆகஸ்ட் 21 அன்று ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, நிக்கல் சுரங்கங்கள் நிறைந்த சட்பரி வட்டாரத்தில் பிறந்தவர். குட்டித் தங்கைக்கு 'ஹெக்டர்' வாயில் நுழையாமல் 'ஹெக்-டோ' ஆனதில் 'டோ' என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. தாயார் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண் என்பதால் பிளேக்குக்கு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் வரும். மாண்ட்ரியாலில் இது சாதாரண விஷயமில்லை. அந்த நாளில் ஊரில் பெரும்பான்மை பிரெஞ்சுக்காரர்கள். முதலாளி, மேலாளர் நாற்காலிகளில் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள். ரிஷாருக்கு விழுந்த தடையை ஊர் தன் முகத்தில் விழுந்த அறையாக எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

சட்பரி இளைஞர் அணி 1932இல் மெமோரியல் கோப்பையை வென்றபோது பிளேக் அதில் இருந்தார். 1934–35 சீசனில் மாண்ட்ரியாலின் இன்னொரு அணியான மரூன்ஸில் சேர்ந்தார். மரூன்ஸ் ஆங்கிலேயர்களின் அணி, கனேடியன்ஸ் பிரெஞ்சுக்காரர்களின் அணி. இரண்டுக்கும் அரங்கம் ஒன்றே. அந்த சீசனில் பிளேக்குக்குக் கிடைத்தது எட்டே ஆட்டம். ஆனாலும் மரூன்ஸ் ஸ்டான்லி கோப்பையை வென்றதால் கணக்கில் ஒரு கோப்பை ஏறிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிய கோப்பை! 1936 பிப்ரவரியில் ஒரு கோல்கீப்பருக்கு ஈடாக அவரைக் கனேடியன்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்ட மரூன்ஸ் இரண்டே வருடத்தில் கடையை மூடியது.

கனேடியன்ஸின் நிலைமையும் அப்போது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1937 ஜனவரியில் அணியின் பெரிய நட்சத்திரம் ஹோவி மோரென்ஸுக்கு ஆட்டத்தின் நடுவே கால் முறிந்து, மார்ச் 8 அன்று ஆஸ்பத்திரியிலேயே உயிர் பிரிந்த கதையை ஆறாவது அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த டிரெஸ்ஸிங் ரூமில் பிளேக்கும் இருந்தார். அணி சரிந்தது. 1938–39இல் ஏழு அணிகள் கொண்ட லீக்கில் கனேடியன்ஸுக்கு ஆறாவது இடம். அந்தத் தோற்ற அணியில் இருந்துகொண்டு 24 கோல், அடுத்தவர் கோலுக்குக் கைகொடுத்த 23 அசிஸ்ட், மொத்தம் 47 புள்ளி எடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார் பிளேக். சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையும் அவருக்கே. கோல் விழுந்தால் வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அதை அடிக்கடி எரிய வைத்ததால் 'விளக்கேற்றும் கிழவர்' என்று ஒரு பட்டப்பெயரும் வந்தது.

1940இல் கேப்டன். 1943இல் பயிற்சியாளர் எர்வின் மூன்று பேரை ஒன்றாகச் சேர்த்தார்: நடுவில் எல்மர் லாக், வலப்பக்கம் இளைஞன் ரிஷார், இடப்பக்கம் பிளேக். பத்திரிகைகள் இதற்கு 'பஞ்ச் லைன்' என்று பெயர் வைத்தன. 1944 மார்ச் 23 அன்று டொராண்டோவுக்கு எதிரான கோப்பைச் சுற்று ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். கனேடியன்ஸ் 5–1 என்று வென்றது. ஐந்து கோலும் ரிஷார் அடித்தது. ஐந்துக்கும் அசிஸ்ட் பிளேக். ஆட்டம் முடிந்ததும் அன்றைய மூன்று நட்சத்திரங்களை அறிவிப்பது அங்கே வழக்கம். மூன்றாவது ரிஷார், இரண்டாவது ரிஷார், முதலாவதும் ரிஷார்தான் என்று அறிவித்தார்கள். பக் என்ற வட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் பெயர் அறிவிப்பில் வரவில்லை. அதே வருடம் இறுதிச் சுற்றில் ஓவர்டைமில் சிகாகோவுக்கு எதிராகக் கோப்பையை முடித்துவைத்த கோல் பிளேக் அடித்தது.

அடுத்த சீசனில் ரிஷார் 50 ஆட்டத்தில் 50 கோல் அடித்தார். லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதல் மூன்று இடங்களும் இந்த மூவருக்குத்தான்: லாக் 80, ரிஷார் 73, பிளேக் 67.

இந்தக் கதைக்கு முக்கியமானது இன்னொரு எண். தொடக்க காலத்தில் பிளேக் நடுவர்களோடு மல்லுக்கு நிற்பவர் என்று பெயர் எடுத்தவர். அப்படிப்பட்டவர் 1945–46 சீசன் முழுவதிலும் பெனால்டி பெட்டியில் உட்கார்ந்த நேரம் இரண்டு நிமிடம்! நன்னடத்தைக்கான லேடி பிங் கோப்பையை அவருக்குக் கொடுத்தார்கள். தன் கோபத்தைத் தானே கட்டிப்போடக் கற்றுக்கொண்ட ஆள், உலகத்திலேயே பெரிய கோபக்காரனுக்குப் பக்கத்தில் நாலைந்து வருடம் தோளோடு தோள் உரச ஆடியிருக்கிறார். செல்கி தேடிய ஆள் இவர்தான்.

1948 ஜனவரியில் நியூயார்க்கில் ரேஞ்சர்ஸின் பில் ஜூஸ்டா மோதியதில் பிளேக்கின் கணுக்கால் முறிந்தது. வயது 35. 577 ஆட்டம், 235 கோலோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அந்த சீசன் முடிவதற்குள்ளேயே ஹூஸ்டன் அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். பிறகு பஃபலோ. அதன்பின் வேலிஃபீல்ட். மாண்ட்ரியாலுக்குத் தென்மேற்கே இருக்கும் பருத்தி ஆலை ஊர் அது. பெரிய லீக்கில் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஓர் ஆலை ஊரின் அரங்கத்தில் பையன்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பழைய நட்சத்திரங்கள் பயிற்சியாளராகித் தோற்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: தனக்குச் சுலபமாக வந்தது அடுத்தவனுக்கு ஏன் வரவில்லை என்று அவர்களுக்குப் புரியாது. வேலிஃபீல்ட் வருடங்கள் பிளேக்கை அதிலிருந்து காப்பாற்றின என்பது என் எண்ணம். இன்னொரு லாபமும் இருந்தது. வேலிஃபீல்ட் ஆடிய கியூபெக் சீனியர் லீக்கில்தான் கியூபெக் ஏசஸ் அணிக்காக ழான் பெலிவோ ஆடிக்கொண்டிருந்தார். மாண்ட்ரியால் ராயல்ஸின் வலையில் ழாக் பிளாண்ட் நின்றார். பின்னாளில் தன் அணியைத் தாங்கப்போகிறவர்களைத் தோற்கடிக்க வழி தேடித்தான் பிளேக் தொழில் கற்றார்.

1955 இலையுதிர் காலத்தில் ஃபோரமுக்குத் திரும்பியபோது அவர் கையில் இருந்த அணியைப் பாருங்கள். தற்காப்பில் டக் ஹார்வி, நடுவில் பெலிவோ, விங்கில் பெர்னார் ஜெஃப்ரியான், டிக்கி மூர், வலையில் பிளாண்ட். ரிஷாரின் தம்பி ஹென்ரி, 19 வயது, அந்த வருடம்தான் உள்ளே வருகிறான். இத்தனை பேரை வைத்துக்கொண்டு யார்தான் ஜெயிக்க மாட்டார்கள் என்று கேட்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இதில் ஜெஃப்ரியானை ஊர் மக்களே கூச்சலிட்டு அவமானப்படுத்தியிருந்தார்கள். ரிஷார் தடையில் இருந்தபோது ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து, லீக்கின் புள்ளிப் பட்டியலில் அவருடைய முதலிடத்தைப் பறித்துவிட்டாராம்! ரிஷாருக்கு வாழ்நாளில் அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை. இந்த இருவரும் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில். நட்சத்திரங்கள் அதிகமானால் உரசலும் அதிகம்.

பிளேக் ரிஷாரை அடக்க முயலவில்லை, ஊதிவிடவும் இல்லை. பழைய ஆட்டத் தோழன் என்ற உரிமையில் பேசினார். தம்பி ஹென்ரியை நடுவில் போட்டு, ஒரு பக்கம் அண்ணனையும் மறுபக்கம் மூரையும் நிறுத்தினார். வயதாகிவிட்டது என்று சொல்லப்பட்ட ரிஷார் அந்த சீசனில் 38 கோல் அடித்தார். அணி 70 ஆட்டத்தில் 45 வென்று 100 புள்ளி எடுத்தது. இறுதிச் சுற்றில் அதே டெட்ராய்ட்டை ஐந்து ஆட்டத்தில் முடித்தது.

இந்த அணி விளையாட்டின் விதியையே மாற்றியது. பெனால்டி வாங்கியவன் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதுவரை அவன் அணிக்கு ஓர் ஆள் குறைவு; எதிரணிக்கு அது பவர் பிளே. அன்றைய விதிப்படி எதிரணி எத்தனை கோல் அடித்தாலும் அந்த இரண்டு நிமிடமும் முழுசாக முடிந்தாக வேண்டும். 1955 நவம்பர் 5 அன்று பாஸ்டனுக்கு எதிராகப் பவர் பிளேயில் பெலிவோ மூன்று கோல் அடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 44 வினாடி. வலையில் நின்றவர் அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான டெர்ரி சாச்சக். ஹார்வியும் ஜெஃப்ரியானும் பின்னால் நின்று அடிக்க, பெலிவோவும் ரிஷாரும் முன்னால் நிற்கிற அந்த ஏற்பாட்டை யாராலும் தடுக்க முடியவில்லை. அடுத்த வருடம் லீக் கூடி, ஒரு கோல் விழுந்தாலே பெனால்டி ஆள் உள்ளே வந்துவிடலாம் என்று விதியைத் திருத்தியது. எதிர்த்து ஓட்டுப் போட்டது மாண்ட்ரியால் மட்டும். விதி மாறியும் பயனில்லை. 1957, 58இல் பாஸ்டனையும் 59, 60இல் டொராண்டோவையும் வீழ்த்திக் கோப்பை மாண்ட்ரியாலிலேயே தங்கியது. தொடர்ந்து ஐந்து வருடம். அதற்கு முன்பும் யாரும் செய்யவில்லை, பின்பும் இல்லை. 12 ஆட்டக்காரர்கள் ஐந்து அணியிலும் இருந்தார்கள்.

இந்த ஐந்து வருடத்தில் பிளேக்கின் மிகப் பெரிய காரியமாக நான் நினைப்பது அவர் தோற்றுப்போன ஒரு வாதத்தை.

1959 நவம்பர் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆண்டி பாத்கேட் அடித்த பக் பிளாண்டின் முகத்தில் பட்டது. கெட்டி ரப்பரில் செய்த, மூன்று அங்குல அகலமுள்ள வட்டு அது. அந்தக் காலத்தில் கோல்கீப்பர்கள் வெறும் முகத்தோடுதான் அதன் முன் நின்றார்கள். மூக்கோரம் கிழிந்து, பனியெல்லாம் ரத்தம். உள்ளே கூட்டிப்போய் ஏழு தையல் போட்டார்கள். அணிக்கு மாற்று கோல்கீப்பர் கிடையாது. தேவைப்பட்டால் அரங்கத்துக்காரர்கள் கொடுக்கும் அமெச்சூர் ஆளைத்தான் நிறுத்த வேண்டும். முகக்கவசம் இல்லாமல் திரும்பி வரமாட்டேன் என்றார் பிளாண்ட். ஃபைபர் கிளாஸில் செய்த கவசம் ஒன்றை அவர் ஏற்கெனவே பயிற்சியில் அணிந்துவந்தார். ஆட்டத்தில் போடக் கூடாது என்று தடுத்துவைத்திருந்தவர் பிளேக். காலடியில் கிடக்கும் பக் தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம், கவசம் போட்டவன் பயந்தவன் என்ற அந்தத் தலைமுறையின் எண்ணம்.

வேறு வழியில்லாமல் பிளேக் சரி என்றார். கனேடியன்ஸ் 3–1 என்று வென்றது. காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அணி தோற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. ஜெயிக்கிற ஆளிடம் போய் என்னவென்று சொல்வது? 1960 மார்ச் 8 அன்று ஒரே ஒரு முறை கழற்றிவிட்டு ஆடச் சொன்னார். டெட்ராய்ட்டிடம் 3–0 என்று தோல்வி. அடுத்த ஆட்டத்திலேயே கவசம் திரும்பிவிட்டது. அந்த வருடம் கோப்பைச் சுற்றில் எட்டு ஆட்டம், எட்டிலும் வெற்றி. இன்று எந்த லீக்கிலும் முகம் மறைக்காத கோல்கீப்பரைப் பார்க்க முடியாது. ஒரு பிடிவாதக்காரர் தன் பிடிவாதத்தை முதலில் ரத்தத்துக்காகவும் பிறகு புள்ளிப் பட்டியலுக்காகவும் விட்டுக்கொடுத்தார். பயிற்சியாளர்கள் பலருக்கு இரண்டாவது கூட முடிவதில்லை.

1960 செப்டம்பரில் ரிஷார் ஓய்வு பெற்றார். கட்டிப்போட வேண்டிய ஆள் போய்விட்டார். அடுத்த வசந்தத்தில் கட்டறுத்துக்கொண்டவர் பிளேக்கேதான்.

1961 மார்ச் 26, சிகாகோ. அரையிறுதியின் மூன்றாவது ஆட்டம் மூன்றாம் ஓவர்டைம் வரை இழுத்தது. நடுவர் டால்டன் மெக்கார்தர் டிக்கி மூருக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். அந்தப் பவர் பிளேயில் முர்ரே பால்ஃபோர் கோல் அடித்து ஆட்டத்தை முடித்தார். பிளேக் பெஞ்சிலிருந்து இறங்கினார். காலில் ஸ்கேட் இல்லை, சாதாரண ஷூ. பனியைக் கடந்து நேராக நடுவரிடம் போய்க் கை ஓங்கிக் குத்துவிட்டார்! ஆறு வருடத்துக்கு முன் நடுவரைக் குத்தியதற்காகத் தடைபட்ட ஒருவரைப் பக்குவமாகப் பார்த்துக்கொள்வதற்கென்றே அமர்த்தப்பட்ட மனிதர் இவர். தண்டனை கொடுத்தவரும் அதே கேம்பெல்தான். 2,000 டாலர் அபராதம். கலவரத்தின்போது கேம்பெல்லைத் திட்டிய மாண்ட்ரியால்காரர்கள் இதற்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். நான்காவது ஆட்டத்தை கனேடியன்ஸ் வென்றது. பிறகு சிகாகோவின் கிளென் ஹால் வலையை அடைத்துவிட்டார்: ஐந்தாவது ஆட்டம் 3–0, ஆறாவதும் 3–0. ஐந்து வருட ஆட்சி முடிந்தது.

ஹார்வி நியூயார்க்குக்குப் போனார், 1963இல் பிளாண்டும் அங்கேயே. டொராண்டோ தொடர்ந்து மூன்று கோப்பை எடுத்தது. இந்த வறண்ட வருடங்களில் பிளேக்கை ஏன் வைத்திருந்தார்கள் என்பதற்கு 1965, 66இல் வென்ற கோப்பைகள் பதில் சொல்லின. கிட்டத்தட்டப் புதிய அணி. பெலிவோ, ஹென்ரி ரிஷார் போன்ற சிலர் மட்டும் மூத்தவர்கள். 1966 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம் டெட்ராய்ட்டில் ஓவர்டைமுக்குப் போயிற்று. ஹென்ரி கீழே விழுந்து வழுக்கிக்கொண்டே போனார், அவரோடு பக்கும் வலைக்குள் போய்விட்டது. கையால் தள்ளினாரா, தானாகப் போனதா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நடுவர் யோசிப்பதற்குள் கொண்டாடப் போங்கள் என்று பெஞ்சிலிருந்த பையன்களைப் பிளேக் பனிக்குள் தள்ளிவிட்டார் என்று சொல்வார்கள். பழைய நடுவர் விரோதிக்கு நடுவர்களின் மனசும் தெரிந்திருக்கிறது.

1967இல் கனடாவின் நூற்றாண்டு விழா வருடத்தில் டொராண்டோவிடம் இறுதிச் சுற்றில் தோற்றது அவரை உலுக்கியது. மாண்ட்ரியாலில் பயிற்சியாளருக்கு இரண்டாம் இடம் என்று ஒன்று கிடையாது. கோப்பை அல்லது விசாரணை. 1968இல் மறுபடி இறுதிச் சுற்று. லீக் ஆறு அணியிலிருந்து 12 அணியாகப் பெருகிய முதல் வருடம் அது. எதிரே அந்த வருடமே பிறந்த செயின்ட் லூயிஸ் புளூஸ். கனேடியன்ஸ் நான்கு ஆட்டத்திலும் வென்றது, ஆனால் நான்கும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். மே 11 அன்று கடைசி ஆட்டம் முடிந்ததும் போதும் என்று அறிவித்தார் பிளேக். வென்றே ஆக வேண்டும் என்ற பாரத்தை இனியும் சுமக்க முடியாது என்பதுதான் காரணம். சீசன் ஆட்டங்கள் 914, வெற்றி 500. பயிற்சியாளராக எட்டுக் கோப்பை, ஆட்டக்காரராக மூன்று. 1995 மே மாதம் மறதி நோயில் காலமானார்.

1968 மே 11 அன்று செயின்ட் லூயிஸ் பெஞ்சில் நின்றவர் 34 வயதுப் பயிற்சியாளர். இளைஞர் லீக்கில் ஆடும்போது தலையில் மட்டை அடிபட்டு ஆட்ட வாழ்க்கையை இழந்தவர், கனேடியன்ஸின் இளைஞர் அணிகளில் தொழில் பழகியவர். அவர் தலையில் மட்டையை இறக்கியவர் ழான்-கீ டால்போ. பிளேக்கின் ஐந்து கோப்பை அணியிலும் இருந்த 12 பேரில் ஒருவர். 1968 இறுதிச் சுற்றில் அதே இளம் பயிற்சியாளரிடம் ஆடிக்கொண்டிருந்தார். பிளேக்கின் எட்டுக் கோப்பைச் சாதனையை 2002இல் தாண்டப்போகிறவரும் அந்த இளைஞர்தான். பெயர் ஸ்காட்டி போமன். அடுத்த அத்தியாயம் அவருடையது.

(தொடரும்)